நாலு மணி நிழல்

2022 மே மாதம் ஒரு நாள் மாலை. எங்கள் ஊர்ப் பூங்காவில் சறுக்குமரத்தில் ஏறி உட்கார்ந்த ஒரு சிறுமி பாதி வழியிலேயே வீறிட்டு அழுதாள். இரும்புத் தகட்டுச் சறுக்கு. மணி நாலேகால். தொடையின் பின்பக்கம் தோல் கன்றிச் சிவந்துவிட்டது. எதிரே கடை வைத்திருப்பதால் நான்தான் முதலில் ஓடினேன். டீக்கடை அண்ணன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். பிள்ளையின் அப்பத்தா எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, "நெழலு இல்லாத எடத்துல இரும்பக் கொண்டாந்து நட்டு வச்சிருக்கீகளே, யாருக்குப்பா இது?" என்றார்.

அதுவரை அந்தப் பூங்காவில் நாங்கள் நட்ட கன்றுகள் நூறு இருக்கும். ஒன்றின் நிழல்கூட அந்தச் சறுக்கின் மேல் விழவில்லை. அந்த அப்பத்தாவின் கேள்வியிலிருந்துதான் எங்கள் வேலை சரியான தடத்துக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன பேரூராட்சி எங்களுடையது. பூங்கா முக்கால் ஏக்கர் இருக்கும். ஒரு மூலையில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, நடுவில் நடைபாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்கு. எனக்குத் தெரிந்து அங்கே பெரிய மரங்கள் இருந்தன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. காலையில் கடையைப் பார்க்கப் போனபோது பூங்காவின் மதில் தெரியவில்லை, அதன்மேல் கிளைகள் கிடந்தன. இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. குல்மோகர் வரிசை முழுக்க முறிந்து கிடந்தது. பூவரசுகளும் போய்விட்டன. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு, மதிலுக்கு வெளியே இரண்டு பனை. இவைதான் மிச்சம்.

சாய்ந்த பூவரசுகளின் அடியைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. அவை போத்து, அதாவது வெட்டிய கிளையை, நட்டு வளர்த்தவை. போத்திலிருந்து வளரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, பக்கவேர்கள் மட்டும் மேலாகப் படர்ந்திருக்கும். சீக்கிரம் நிழல் தரும், பெருங்காற்றுக்கு நிற்காது. பூவரசு மேல் எனக்குக் கோபமில்லை. விதையிலிருந்து வளர்த்திருந்தால் அதுவும் நின்றிருக்கலாம்.

முதல் முயற்சி 2019 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், கட்சிக்காரர்கள் வந்தார்கள், அறுபது கன்றுகள் நட்டோம். எல்லோரும் உண்மையான ஆசையோடுதான் நட்டார்கள். புயலில் மரம் இழந்த ஊர், அந்த வலி எல்லோருக்கும் இருந்தது. ஆனால் கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மண் அடுப்பு மாதிரி காய்ந்து கிடந்தது. அந்த ஆண்டு சென்னைக்கே ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள், நினைவிருக்கும். எங்கள் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் நட்ட கன்று நாலு மாதம் குடத்துத் தண்ணீரை நம்பி உயிர் வைத்திருக்க வேண்டும். அடுத்த சித்திரையில் எண்ணிப் பார்த்தபோது ஏழு இருந்தன.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் மறைந்தபோது ஊர் இளைஞர்கள் மறுபடி நட்டார்கள். அப்துல் கலாம் சொன்னதைக் கேட்டு ஒரு கோடி மரம் என்று புறப்பட்டவர் அவர். அவருக்குச் செய்யும் மரியாதை என்று நாற்பது கன்றுகள் வைத்தார்கள். அது இன்னும் கடுமையான கோடை. அந்தப் பையன்கள் ஒரு மாதம் சைக்கிளில் கேன் கட்டித் தண்ணீர் ஊற்றினார்கள், அப்புறம் கொரோனா இரண்டாம் அலையில் ஊர் முடங்கியது. கருகிய குச்சிகளைப் பார்த்து அவர்களில் ஒரு தம்பி என் கடைக்கு வந்து அழுதான்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளைப் பார்த்து நட வேண்டாம், மண்ணைப் பார்த்து நடுங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர் என்றால் புரட்டாசிக் கடைசியில் இரண்டு மழை விழுந்ததும் நடுவதுதான் சரி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வேர் கீழே இறங்கிவிடும். ஜூன் 5 அன்று விழா வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அன்றைக்குக் குழி வெட்டுங்கள். வெட்டிய குழி கோடையில் காய்ந்து ஆறுவது நல்லதுதான். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வெட்ட வைக்கலாம்.

சரி, அந்தச் சறுக்குக்கு வருகிறேன்.

2022 மே மாதக் கடைசியில் நாங்கள் ஆறு பேர் பூங்காவில் கூடினோம். இந்த முறை கன்றைப் பற்றிப் பேசவே கூடாது, யார் எப்போது எங்கே உட்காருகிறார்கள் என்று மட்டும் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஒரு வாரம் பார்த்தோம். காலை ஐந்தரைக்கு நடப்பவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு நிழல் தேவையில்லை. பதினொரு மணிக்கு வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் வந்த வெளியூர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலம் பிரிக்க இடம் தேடுகிறார்கள். நாலு மணிக்குப் பிள்ளைகளும் தாய்மார்களும் வருகிறார்கள், வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம். அதாவது இருக்கும் பெஞ்சுகளில் பாதி, பகல் முழுக்கக் காலி.

பிறகு ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள் வாங்கினோம். தொட்டியின் நிழல், வேம்பின் நிழல், பக்கத்துக் கட்டிடத்தின் நிழல் எல்லாவற்றையும் காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் மாலை நாலு மணிக்கும் தரையில் கோடு போட்டோம். பத்தடி மூங்கில் கழி ஒன்றை சறுக்குக்குப் பக்கத்தில் நட்டு அதன் நிழலையும் அளந்தோம். நாலு மணிக்கு நிழல் பதினாலு, பதினைந்து அடி நீளம். கழி உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இன்னொன்றும் தெரிந்தது. வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் நமக்குத் தெற்கே இல்லை, உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே போகிறது. ஆகவே கோடையின் சாயங்கால வெயில் நேர் மேற்கிலிருந்து வருவதில்லை, வடமேற்கு சாய்ந்து வருகிறது. நாங்கள் எல்லாரும் மரத்தைத் தென்மேற்கில் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கழியின் நிழல் அதைத் திருத்தியது.

இப்படிப் பார்த்தால் கணக்கு எளிது. நாலு மணி நிழல் ஓர் இடத்தில் விழ வேண்டுமென்றால் மரம் அந்த இடத்துக்கு மேற்கே, சற்று வடமேற்கு தள்ளி, பன்னிரண்டு முதல் பதினைந்து அடி தூரத்தில் இருக்க வேண்டும். சறுக்குக்கு அப்படி இரண்டு புங்கம். ஊஞ்சலுக்கு இரண்டு. பதினொரு மணிக்காரர்களுக்கு, மரத்தடியிலேயே உட்காரும்படி நாவலும் இலுப்பையும். மொத்தம் இருபத்துநாலு இடம்தான் வந்தது. முன்பு அறுபது வைத்த இடத்தில் இருபத்துநாலு. சிலருக்கு மனம் ஒப்பவில்லை, "எண்ணிக்கை கொறைஞ்சா பேப்பர்ல போட மாட்டாங்க தம்பி" என்றார் ஒரு பெரியவர். இருபது அடிக்கு ஒன்று என்று வைத்தால்தான் ஒவ்வொன்றும் குடை விரிக்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தோம். மியாவாக்கி முறையில் நெருக்கி நடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. குப்பை மேட்டை அடர்வனமாக்க அது நல்ல முறை. ஆனால் அதற்குள் யாரும் உட்கார முடியாது. பூங்கா என்பது உட்காரும் இடம்.

அனுமதி வாங்குவது நாங்கள் பயந்த அளவு கஷ்டமாக இல்லை. 2016-க்குப் பிறகு பல ஆண்டுகள் பேரூராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாமல் இருந்தது. 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்து கவுன்சிலர்கள் வந்தார்கள். எங்கள் வார்டு கவுன்சிலர் அக்காவிடம் சுண்ணாம்புக் கோடுகளைக் காட்டினோம், அவர் மன்றத்தில் தீர்மானம் போட வைத்தார், செயல் அலுவலர் கையெழுத்துப் போட்டார். வாய்மொழி அனுமதியோடு எதையும் ஆரம்பிக்காதீர்கள். அலுவலர்கள் மாறுவார்கள், காகிதம் இருக்கும். பேரூராட்சி என்பதால் நூறு நாள் வேலை ஆட்களும் கிடையாது, அது கிராம ஊராட்சிகளுக்குத்தான். கூலிக்கு நாங்களே பணம் சேர்த்தோம்.

குழி விஷயத்தில் ஒரு தவறு செய்தோம். எங்கள் மண் செம்புறாங்கல் மண், இரண்டடிக்குக் கீழே பாறை மாதிரி இறுகியிருக்கும். ஜேசிபி வைத்து மூன்றடிக்கு மூன்றடி வெட்டினோம். வாளியின் தகடு பட்டுக் குழியின் பக்கங்கள் பானை உள்பக்கம் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே நின்றது, இறங்கவே இல்லை. போட்ட மண் ஒரு சாண் அமுங்கி, கன்றின் கழுத்து தண்ணீருக்குள் போனது. மூன்று கன்றுகள் அப்படி அழுகின. அதன்பிறகு ஒவ்வொரு குழியின் பக்கங்களையும் அடியையும் கடப்பாரையால் குத்திக் கரடுமுரடாக்கினோம். குளத்து வண்டல், மேல்மண், மட்கிய தொழுவுரம் கலந்து, கரையானுக்காக ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் போட்டு, தரையைவிட அரையடி மேடாக நிரப்பினோம். அமுங்கும்போது சமமாகும்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் அடியில் சுருண்டு கயிறு மாதிரி கிடக்கும். அப்படியே நட்டால் அந்தச் சுருள் உள்ளேயே தடித்து, ஏழெட்டு வருடம் கழித்து ஒரு காற்றில் மரம் சாயும். பையை ஒரு ஓரம் கிழித்துப் பார்க்க விட்டால் பாருங்கள். நட்டவர்கள் பிளாஸ்டிக் பையோடு குழிக்குள் வைத்துவிட்டுப் போன கன்றுகளைக்கூட நாங்கள் தோண்டி எடுத்திருக்கிறோம். இப்போது கிழித்த பைகளை எண்ணி ஒரு சாக்கில் போட்ட பிறகுதான் நடவு முடிந்ததாக அர்த்தம். இருபத்துநாலு கன்று என்றால் இருபத்துநாலு பை சாக்கில் இருக்க வேண்டும்.

முட்டுக்கு சவுக்குக் கழி. கட்டுவதற்குப் பழைய பருத்திச் சேலைக் கிழிசல், எட்டு வடிவத்தில், தளர்வாக. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், மரம் பருக்கும்போது பட்டைக்குள் அறுத்துக்கொண்டு போகும். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு உறுதிப்படும். ஒரு வருடத்தில் முட்டுக் கழியை எடுத்துவிட்டோம்.

தண்ணீர்தான் உண்மையான சோதனை. பூங்காவை ஒட்டி ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தினமும் கழிவு நீர் சாக்கடையில் ஓடுகிறதே, அதைப் பிடிப்போம் என்று குழாய் போட்டோம். இரண்டு மாதத்தில் இலை நுனிகள் கருகின, மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்தது. நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது என்பதை அப்போதுதான் யோசித்தோம். நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் பல நாள் மண்ணைக் கழுவினோம். பாத்திரம் கழுவவோ தரை கழுவவோ அது சரி, மரத்துக்கு வேண்டாம்.

வழி எங்கள் கண்ணெதிரே இருந்தது. மேல்நிலைத் தொட்டி தினமும் விடியற்காலையில் நிரம்பி வழியும். வழிந்த தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பம்ப் ஆபரேட்டர் ஐயாதான், "அந்தக் குழாய் வாயைக் கொஞ்சம் திருப்பி விடுங்க தம்பி, ஒங்க மரத்துக்கு அது போதும்" என்றார். மூன்று அங்குலக் குழாய் அறுபது அடிக்குப் போட்டு ஒரு வாய்க்காலில் விட்டோம். வாய்க்கால் எட்டாத மரங்களுக்குப் பழைய இருபது லிட்டர் கேன்களின் அடியில் ஊசித் துளை போட்டு வைத்தோம். தினம் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட நாலு நாளுக்கு ஒருமுறை இருபது லிட்டர் மெதுவாக இறங்குவது நல்லது. மேலாக நனைத்தால் வேர் மேலேயே சுற்றும்.

மழைத்தண்ணீரும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதை ஓரம் சிமெண்ட் வரம்பு கட்டியிருந்ததால் பாதையில் விழும் மழை வாசல் வழியாகத் தெருவுக்குப் போகும். பத்தடிக்கு ஓர் இடம் அந்த வரம்பை உடைத்துவிட்டோம். ஒரு மேஸ்திரியின் அரைநாள் வேலை. இந்தப் பூங்காவில் செய்ததிலேயே செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான்.

மிஞ்சி நின்ற அந்த ஒற்றை வேம்பைச் சுற்றி அடிமரம்வரை பேவர் பிளாக் பதித்திருந்தார்கள். டெல்லியில் 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. அந்தச் செய்தியை எடுத்துக் காட்டி, நாலடிக்குக் கற்களைப் பெயர்த்தோம். அடுத்த பங்குனியில் அந்த வேம்பு துளிர்த்த மாதிரி முந்தைய எந்த வருடமும் நான் பார்க்கவில்லை.

2021-ல் ஒப்பந்தத்தில் பூங்காவைச் சீரமைத்தவர்கள் மதில் ஓரம் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே வருடத்தில் மதில் உயரம் வளர்ந்து பச்சைப் பசேலென்று நின்றது, அதைப் பிடுங்குவதற்கு எங்களுக்கே மனம் வரவில்லை. ஆனால் அதில் ஒரு பூச்சி, ஒரு குருவி கிடையாது. வேர் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்தது. 2023-ல் குஜராத் அரசு அதற்குத் தடை போட்ட செய்தி வந்ததும் துணிந்து எடுத்தோம். அதே ஒப்பந்தத்தில் விரித்த கொரியன் புல்லுக்குத் தினமும் தண்ணீர் கேட்டது, ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. அந்த இடத்தில் தானாக வந்த அருகம்புல்லை அப்படியே விட்டுவிட்டோம். பிள்ளையார் சதுர்த்திக்கு ஊரே அங்கேதான் பறிக்கிறது.

வேலிச்செடி பற்றி முடிவெடுத்தவர்கள் பெண்கள். பிள்ளைகள் விளையாடும் பக்கம் அரளி இருந்தது. பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். அதை முதலில் எடுக்கச் சொன்னார்கள். அடுத்து, பின்பக்க மதிலோரம் இருந்த புதரை இடுப்பளவுக்கு வெட்டச் சொன்னார்கள். "இருட்டுல அந்தப் பக்கம் யாரு நிக்கிறான்னு தெரியணும்ல அண்ணே" என்றார் பூ கட்டும் ஒரு தங்கச்சி. எனக்கு அது தோன்றியதே இல்லை. மரத்தின் கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் கவாத்து செய்வதும், செடியை இடுப்புக்கு மேல் விடாமல் இருப்பதும் அன்றிலிருந்து எங்கள் வழக்கம். அரளி இருந்த இடத்தில் மருதாணி வைத்தார்கள். ஆடி மாதத்தில் பெண்கள் வந்து இலை உருவிக்கொண்டு போவதால் அதற்குத் தனியாகக் கவாத்தே தேவைப்படவில்லை.

ஆடுகளுக்காக இரும்புக் கூண்டு வாங்கவில்லை. உபயம் போட்ட கூண்டுகள் மரத்தை இறுக்கிக் கிடப்பதை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் கருவை முள்ளும் பனை மட்டையும் போதுமாக இருந்தன. ஆடுகள் புங்கத்தை அவ்வளவாகச் சீண்டுவதில்லை, நாவலைத்தான் காக்க வேண்டியிருந்தது. மின்கம்பிக்குக் கீழே பவளமல்லியும் மந்தாரையும் மட்டும் வைத்தோம். அங்கே உயரமாக வளரும் எதை வைத்தாலும் வெட்டித்தான் ஆக வேண்டும், அது யார் தப்பும் இல்லை.

சருகுதான் நாங்கள் அதிகம் வாதாடிய விஷயம். பூங்காவைப் பெருக்கும் அக்கா சருகைக் கூட்டித் தீ வைப்பார். பெருக்காமல் விட்டால் துப்புரவு மேஸ்திரி திட்டுவார் என்று அவருக்குப் பயம். நாங்கள் மேஸ்திரியிடம் பேசி, சருகை மரத்தடியில் தள்ளினால் போதும், அதுவும் சுத்தம்தான் என்று ஒத்துக்கொள்ள வைத்தோம். அந்த அக்காவுக்குக் கொளுத்தும் வேலையும் அள்ளும் வேலையும் மிச்சம். மரத்தடியில் ஒரு சாண் சருகு மூடாக்கு இருந்தால் சித்திரையில்கூட விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் தட்டும். இப்போது எந்த மரம் வாடுகிறது என்று எனக்கு முதலில் சொல்பவர் அவர்தான். மூன்று வருடத்தில் நான் கற்றதைவிட அதிகம் கற்றுக்கொண்டிருக்கிறார். பேரூராட்சி அவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம்.

இருபத்துநாலில் இருபத்தொன்று நிற்கின்றன. அழுகிப்போன மூன்றின் இடத்தில் மகிழம் வைத்தோம். மெதுவாகத்தான் வளரும், பரவாயில்லை. புங்கங்கள் பன்னிரண்டடி தாண்டிவிட்டன. இந்த மே மாதம் நாலேகால் மணிக்குக் கடையை விட்டுப் போய்ச் சறுக்கின் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். மேல் பாதியில் நிழல், கை வைக்க முடிந்தது. கீழ்ப்பாதி இன்னும் சுடுகிறது, அதன்மேல் ஒரு சாக்கை நனைத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பூங்கா இருக்கிறது. போன வாரம் அங்கே சுண்ணாம்புத் தூள் போட ஆரம்பித்தோம். விவேக்குக்காக நட்டு அழுத அந்தத் தம்பிதான் கழியைப் பிடித்துக்கொண்டிருந்தான். புரட்டாசிக்குள் குழிகள் ஆற வேண்டும். பெஞ்சுகள் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார், நிழல் எங்கே விழும் என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.